வருத்தத்தின் வழியைப் படித்தல்: மட்டக்களப்பு, அம்பாறையில் நோயையும் நலத்தையும் ஆராயப் புகுவோருக்கு

மட்டக்களப்பு வாவியின் மேற்குப் புறமான படுவான்கரையில் வயற்காவலுக்குப் போன ஒருவரை இரவில் பாம்பு தீண்டி, அவர் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு வந்து சேர நான்கு மணித்தியாலம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். தீண்டியது எந்தப் பாம்பு, நஞ்சு குருதியைத் தாக்கியதா நரம்பைத் தாக்கியதா, நஞ்செதிர் மருந்து எத்தனை குப்பி ஏற்ற வேண்டும் என்பவை வைத்தியரின் கேள்விகள். அந்த நான்கு மணித்தியாலத்துக்குள் என்ன நடந்தது என்பதோ வேறொரு கேள்வி. அவர் முதலில் யாரிடம் சொன்னார், விஷக்கடி வைத்தியரிடம் போவதென்று வீட்டில் யார் முடிவெடுத்தார், வாகனம் யாருடையது, வாவியைக் கடக்கும் படகுப் பாதை அந்நேரம் ஓடியதா, அந்தக் குடும்பத்துக்கு வைத்தியசாலையில் இதற்கு முன் என்ன அனுபவம் கிடைத்திருந்தது என்பவற்றை ஒழுங்காகக் கேட்கவும், கிடைத்த பதில்களைச் சோதிக்கவும் உருவானவையே மருத்துவ மானிடவியல், மருத்துவச் சமூகவியல், மருத்துவ வரலாறு ஆகிய துறைகள். நோயை இலக்கியத்தின் வழியாகவும் மெய்யியலின் வழியாகவும் அணுகும் கல்வியும் இவற்றோடு சேர்ந்ததுதான்.

வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவில் பல்கலைக்கழகத்திலோ கலைத்துறையிற் பயின்றுகொண்டு முதல் ஆய்வுக்கட்டுரைக்குத் தலைப்புத் தேடுவோரையும், தாதியராகவோ சுகாதார உத்தியோகத்தராகவோ கடமையாற்றிக்கொண்டு தாம் நாளாந்தம் காண்பதை எழுத்தில் கொண்டுவர நினைப்போரையும் மனதிற் கொண்டே இதனை எழுதுகிறேன். வைத்தியம் படித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. எனினும் எடுத்துக்கொண்ட நோயைப் பற்றிய அடிப்படை மருத்துவ அறிவைப் பெறாமல் களத்துக்குப் போவது கூடாது. அது ஏன் என்பது கீழே பாம்புக்கடியைப் பற்றிப் பேசும்போது விளங்கும்.

முன்வாசிப்பு

வாசிப்பை ஐரோப்பாவிலிருந்து தொடங்குவது வழக்கம். 1848இல் மேல் சிலேசியாவில் பரவிய டைபஸ் காய்ச்சலை ஆராய பிரஷ்ய அரசு அனுப்பிய ருடோல்ஃப் ஃபிர்ஹோ என்ற இளம் வைத்தியர், மருந்துகளை அடுக்காமல் கல்வி, வீதிகள், நியாயமான வரி, மக்களாட்சி ஆகியவற்றைப் பரிந்துரைத்துத் திரும்பிய கதை எல்லாப் பாடநூல்களிலும் உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் போதும். அங்கே நெடுநாள் தங்க வேண்டியதில்லை. நமது பிரதேசத்தைப் பற்றியே தரமான ஆய்வுகள் இருக்கின்றன, அவற்றை முதலில் வாசிப்பதே புத்தி. அக்கரைப்பற்றில் 1960களின் இறுதியிலிருந்து தமிழர், முஸ்லிம்கள் இரு சாராரிடையேயும் குடி எனப்படும் தாய்வழிக் குல முறையையும் உறவையும் ஆராய்ந்தவர் டெனிஸ் மெக்கில்வ்ரே. 1990களில் காணாமற்போனோரின் குடும்பத்தவர்கள் மட்டக்களப்பின் அம்மன் கோயில்களில் தெய்வமாடி வாக்குச் சொல்வோரை நாடிப் போனதை ஆராய்ந்தவர் பற்றீசியா லோறன்ஸ். பத்தினி (கண்ணகி) வழிபாட்டை உளவியலோடு இணைத்து ஆராய்ந்தவர் கணநாத் ஒபேசேகர. இவர்கள் எழுதியது ஆங்கிலத்தில் என்பதற்காகத் தயங்க வேண்டாம். ஒரு அத்தியாயத்தை இருவர் மூவராகச் சேர்ந்து வாசித்தால் முடிந்துவிடும்.

தமிழ் மூலங்களுக்கு நூலகம் நிறுவனத்தின் எண்மியச் சேகரிப்பைத் தேடுங்கள். பழைய வைத்திய ஏடுகள், பாடசாலை மலர்கள், கோயில் கும்பாபிஷேக மலர்கள், ஊர்ச் சஞ்சிகைகள் எல்லாம் அங்கே கிடக்கின்றன. கும்பாபிஷேக மலரில் நோயைப் பற்றி என்ன இருக்கப்போகிறது என்று நினைக்காதீர்கள். எந்த ஆண்டில் கொள்ளை நோய் வந்து ஊர் நேர்த்தி வைத்தது என்ற செய்தியை வேறு எந்தப் பதிவேட்டிலும் நீங்கள் காணமாட்டீர்கள். நவீன மருத்துவத்தைத் தமிழில் எழுதும் முயற்சிக்கும் வயது அதிகம். 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார், நூல்களையும் தமிழாக்கினார்.

தலைப்பைச் சுருக்குதல்

புதியவர்கள் பெரும்பாலும் ‘யுத்தமும் உளநலமும்’, ‘சுனாமியும் மக்களும்’ போன்ற தலைப்புகளோடு வருகிறார்கள். முதல் ஆய்வுக்கு இவற்றை எடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. 2004 டிசம்பர் 26க்குப் பின்னரும், யுத்தம் முடிந்த பின்னரும், கல்லாறு முதல் மருதமுனை வரையான கரையோர ஊர்களில் வினாக்கொத்தோடு வந்து போனோர் கொஞ்சப்பேர் இல்லை. தன் பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த தாய் அதே கதையை மறுபடியும் ஒரு மாணவருக்குச் சொல்வதால் அவருக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. அவர் பாதியில் உடைந்து அழுதால் என்ன செய்வது என்ற பயிற்சியும் அந்த மாணவருக்கு இல்லை. தற்கொலை முயற்சியும் அப்படியே. அனுபவமுள்ள மேற்பார்வையாளரும், உடனே அனுப்பிவைக்கக்கூடிய உளநலப் பிரிவும் இல்லாமல் அதைத் தொடக்கூடாது.

ஒரு நோய், ஓர் இடம், ஒரு கேள்வி என்று சுருக்கிக்கொள்ளுங்கள். சில உதாரணங்களைத் தருகிறேன். நோன்பு மாதத்தில் சீனி வருத்தக்காரர் குளிசை போடும் நேரத்தை எப்படி மாற்றிக்கொள்கிறார்கள் என்பதைக் காத்தான்குடியிலோ சம்மாந்துறையிலோ கேட்கலாம். வைத்தியரிடம் சொல்லிவிட்டு மாற்றுவோரும் சொல்லாமல் மாற்றுவோரும் இருப்பார்கள், இரு சாராரின் காரணங்களும் வேறு. பிள்ளை பெற்ற வீட்டில் மருந்துச் சரக்கு அரைத்துத் தாய்க்குக் கொடுப்பதும், குடும்பநல உத்தியோகத்தர் (மருத்துவிச்சி) சொல்லும் உணவு முறையும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே முட்டுகின்றன என்று பார்க்கலாம். வரலாற்றில் நாட்டமுள்ளவருக்கு மட்டக்களப்பு வாவியிலுள்ள மாந்தீவு இருக்கிறது. தொழுநோயாளரை ஊரிலிருந்து பிரித்துத் தண்ணீருக்கு நடுவில் வைத்த வைத்தியசாலை அது. ஹன்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்டது 1873இல். உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது 1980களின் தொடக்கத்தில். இடைப்பட்ட நூறாண்டில் ‘தொற்றும்’ என்ற அறிவு இருந்தது, குணப்படுத்தும் வழி அதன் பெரும்பகுதியில் இருக்கவில்லை. அந்த இடைவெளியில் ஒரு சமூகம் நோயாளரை என்ன செய்தது என்பதைத் தீவின் அமைவிடமே காட்டும். குணப்படுத்த முடிந்த பின்னரும் பழைய அச்சம் ஏன் ஊருக்குள் தங்கியது என்பதுதான் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி.

கோடையில் கொப்புளிப்பான் வரும் காலமும் நல்ல களம். தம்பிலுவில், காரைதீவு, செட்டிபாளையம் முதலிய ஊர்களின் கண்ணகி அம்மன் கோயில்களில் வைகாசியில் சடங்கும், அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்தியும் நடக்கும். கொப்புளிப்பானை ‘அம்மாள்’ என்றே வீடுகளிற் சொல்வார்கள். வாசலில் வேப்பிலை, மச்சம் மாமிசம் சமைக்காமை, வெளியார் வருகையைத் தடுத்தல், ஆறிய பின் தண்ணீர் வார்த்தல் என்ற ஒழுங்கை நாள்வாரியாகக் குறியுங்கள். கொப்புளம் தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்து எல்லாக் கொப்புளமும் பொருக்குக் கட்டும் வரை இந்நோய் தொற்றும் என்கிறது மருத்துவம். வீட்டு ஒழுங்கின் நாட்களை இதன் அருகில் வைத்துப் பார்த்தால், எங்கே இரண்டும் பொருந்துகின்றன என்பதும், நோய் தெரிவதற்கு முந்திய அந்த ஓரிரு நாளை எந்த வேப்பிலையும் காக்கவில்லை என்பதும் சேர்ந்தே தெரியும். இரண்டில் ஒன்றை மட்டும் எழுதுகிறவர்கள் பாதி வேலை செய்தவர்கள்.

எண்களோடு பழகுதல்

சமூக ஆய்வு என்றால் எண் வேண்டாம் என்று நினைப்போர் உண்டு. கொழும்பிலுள்ள தொற்றுநோயியல் பிரிவு வாராந்த அறிக்கை வெளியிடுகிறது. டெங்கு, எலிக்காய்ச்சல், நெருப்புக்காய்ச்சல் முதலியவற்றை அதில் பிரதேசவாரியாகக் காணலாம். அதை வாசிக்கும்போது ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். நிர்வாகத்தில் அம்பாறை ஒரே மாவட்டம். சுகாதாரத் திணைக்களக் கணக்கிலோ கல்முனை தனிப் பிராந்தியமாக நிற்கிறது. ஆகவே அறிக்கையில் ‘அம்பாறை’ என்று இருக்கும் எண்ணைப் பார்த்துவிட்டு, கரையோரத் தமிழ், முஸ்லிம் ஊர்களும் அதற்குள் அடங்கும் என்று எழுதினால் கட்டுரை முழுவதும் பிழைத்துவிடும். மாவட்டச் சனத்தொகையால் அந்த எண்ணை வகுப்பது அதைவிடப் பெரிய பிழை.

ஓர் எண்ணுக்குப் பின்னால் எத்தகைய சமூக வரலாறு இருக்கக்கூடும் என்பதற்கு மலேரியா நல்ல பாடம். டீடீடீ (DDT) என்ற பூச்சிநாசினியை விசிறியதால் 1963இல் நாடு முழுவதற்கும் 17 நோயாளர் என்ற அளவுக்கு அது இறங்கியது. நோய் போய்விட்டதென்று விசிறலையும் கண்காணிப்பையும் தளர்த்தியதும், 1969 ஆகும்போது ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழை உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டெம்பரில்தான் வழங்கியது. கல்லோயாக் குடியேற்றத்தோடு வளர்ந்த ஊர்களிலும் படுவான்கரையிலும், மருந்து விசிற வந்தவர்களையும், கசந்த குளிசையையும், காடு வெட்டும் காலத்தில் ‘நடுக்கற் காய்ச்சலோடு’ வேலைக்குப் போனதையும் நினைவில் வைத்திருக்கும் முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்பதை ஒத்திப்போட வேண்டாம்.

இன்னொன்று, 1995இல் மிகக் கொடிய நச்சுவகைப் பூச்சிநாசினிகளையும் 1998இல் எண்டோசல்பானையும் இலங்கை தடைசெய்தது. அதன் பின் பத்தாண்டுக்குள் நாட்டின் தற்கொலை மரண வீதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. மனிதரின் மனவேதனை பாதியாகக் குறைந்ததா? அப்படிச் சொல்ல ஆதாரமில்லை. வேதனை முற்றிய அந்தக் கணத்தில் வீட்டுக் கொட்டிலில் இருந்த போத்தலின் நஞ்சு மாறியது. நோயையும் சாவையும் தனிமனித மனத்துக்குள் மட்டும் தேடக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உள்நாட்டு உதாரணம் எனக்குத் தெரியாது.

அனுமதியும் ஒப்புதலும்

இந்தப் படியைக் கடைசிக்கு விட்டால் ஆறு மாதம் வீணாகும். நோயாளரிடம் பேசும் எந்த ஆய்வுக்கும் ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி வேண்டும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞான பீடத்தில் அத்தகைய குழு இருக்கிறது. பெரிய வைத்தியசாலை என்றால் அதன் பணிப்பாளரிடமும், சுகாதார வைத்திய அதிகாரி பிரிவு என்றால் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரிடமும் எழுத்தில் அனுமதி பெறுங்கள். ஊருக்குள் போகும்போது கிராம உத்தியோகத்தருக்கும் கோயில் அல்லது பள்ளிவாசல் நிருவாகத்துக்கும் சொல்லிவிட்டுப் போவது சட்டத்துக்காக இல்லாவிட்டாலும் மரியாதைக்காக.

ஒப்புதல் பத்திரத்தில் ஒரு சிக்கல் உண்டு. பெயர் எழுதிக் கையெழுத்து வாங்கியவர்கள் பிறகு என்ன செய்தார்கள் என்பதை அனுபவித்த மக்கள் இவர்கள். தாளை நீட்டியதும் பேச்சு நின்றுவிடும், அல்லது நிவாரணப் பதிவு என்று நினைத்துப் பேச்சின் போக்கே மாறிவிடும். விளக்கத்தை வாசித்துக் காட்டி வாய்மொழியாக ஒப்புதல் பெற்று அதைச் சாட்சியோடு குறித்துக்கொள்ளும் முறையை விண்ணப்பத்திலேயே கேளுங்கள். காரணத்தை விளக்கினால் குழுக்கள் பரிசீலிக்கும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவை விசேட வகையாகக் கருதுவதையும் மனதிற் கொள்க. கிளினிக் கொப்பியைப் போனில் படமெடுத்து வட்ஸ்அப்பில் நண்பருக்கு அனுப்புவது ‘குறிப்பெடுத்தல்’ ஆகாது.

கிளினிக்கில் ஒரு காலை

கேள்வி கேட்பதற்கு முன்பு சில நாட்கள் சும்மா இருந்து பாருங்கள். மாதாந்தக் கிளினிக் நாளில் விடியற்காலையிலேயே வாங்குகள் நிறைந்துவிடும். கொப்பிகள் வந்த ஒழுங்கில் அடுக்கப்பட்டிருக்கும். சாப்பிடாமல் வந்து இரத்தம் கொடுத்தவர்கள், போத்தலிற் கொண்டுவந்த தேத்தண்ணீரையும் பணிஸையும் வெளியே மரத்தடியில் வைத்துச் சாப்பிடுவார்கள். நேற்று இரவு என்ன சாப்பிட்டோம், எந்தக் குளிசை நெஞ்சை எரிக்கிறது, எந்தக் குளிசையை வைத்தியருக்குச் சொல்லாமல் விட்டோம் என்பதெல்லாம் அங்கேதான் வெளிவரும். உள்ளே வைத்தியருக்கு முன்னால் அதே ஆள் “ஓம் ஐயா, ஒழுங்காப் போடுறன்” என்பார். இரண்டு பேச்சும் உண்மையான தரவு. முதலாவதை மட்டும் உண்மையென்றும் இரண்டாவதைப் பொய்யென்றும் முத்திரை குத்தாதீர்கள். ஒரு நிமிடத்துக்குள் அடுத்தவரை அழைக்க வேண்டிய வைத்தியருக்கு அந்த நோயாளர் செய்யும் உபகாரமாகவும் அது இருக்கக்கூடும்.

நோயாளருக்குப் பதிலாகக் கொப்பியோடு வந்திருப்பவர் யார் என்பதைத் தனியாகக் குறியுங்கள். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் வீடு சீதனமாகப் பெண்பிள்ளைக்குப் போகிறது, திருமணத்தின் பின் ஆண் மனைவியின் வீட்டுக்குப் போகிறார். இதனால் நோயுற்ற ஆணைச் சுற்றி இருப்போர் பெரும்பாலும் மனைவியின் தாயும் சகோதரிகளும். பிரசவத்தில் தாயின் சொல்லுக்கு இருக்கும் நிறை மாமியாரின் சொல்லுக்கு இருப்பதில்லை. மாமியார் வீட்டு மருமகளை மனதில் வைத்து எழுதப்பட்ட தென்னாசியப் பாடநூல் விளக்கங்களை அப்படியே இங்கே பொருத்தினால் பொருந்தாது.

வீட்டில் கேட்பது

ஆர்தர் கிளைன்மன் என்ற மனநல வைத்தியரும் மானிடவியலாளருமானவர் 1970களில் முன்வைத்த கேள்விகள், நோயாளர் தம் நோயை எவ்வாறு விளங்கிக்கொள்கிறார் என்பதை அறிய உலகெங்கும் பயன்படுகின்றன. அவற்றைப் புத்தகத் தமிழில் வாசித்தால் பரீட்சை வினா போல இருக்கும். “இது என்ன வருத்தமெண்டு நினைச்சீங்க?”, “ஏன் அந்த நேரம் பாத்து வந்தது?”, “முதல்ல ஆருக்கிட்டப் போனீங்க?”, “போகச் சொன்னது ஆரு?”, “இதால உங்களுக்குப் பெரிய கரச்சல் என்ன?” என்று கேளுங்கள். தமிழ் ஊரில் வயதானவரை அம்மா, ஐயா, மாமி என்றும், முஸ்லிம் ஊரில் வயதைப் பார்த்து ராத்தா, காக்கா, உம்மா என்றும் விளித்தால் போதும். ‘பதிலளிப்பவர்’ என்ற சொல் அறிக்கையோடு நிற்கட்டும்.

எல்லாவற்றிலும் பலன் தருவது மூன்றாம் கேள்விதான். பதிலை வழி வரைபடமாகக் கீறுங்கள்: பக்கத்து வீடு, கடையில் வாங்கிய பனடோல், பரிசாரியார் (நாட்டு வைத்தியர்), தண்ணீர் ஓதிக் கொடுத்தவர், தனியார் டிஸ்பென்சரி, ஆதார வைத்தியசாலை, கோயில் நேர்த்தி, மறுபடி கிளினிக். ஒவ்வொரு இடத்துக்கும் போன நாள், போகச் சொன்னவர், செலவு, அங்கே சொல்லப்பட்ட காரணம் ஆகிய நான்கையும் எழுதுங்கள். இந்த வழி நேர்கோடாக இருப்பது அபூர்வம். ஒரே நாளில் வைத்தியசாலைக்கும் ஓதிப் பார்க்கவும் போனவர்களுக்கு அதில் முரண்பாடு எதுவும் தெரிவதில்லை, அந்த முரண்பாட்டை நீங்கள் உருவாக்கிக் கொடுக்கவும் வேண்டாம்.

குறிப்புகளை அன்றிரவே விரித்து எழுதுங்கள். அவர்கள் சொன்ன சொல்லை அவர்கள் சொன்னபடியே வையுங்கள். ‘தலைக்குள்ள விறுவிறுப்பு’ என்றதை ‘மன அழுத்தம்’ என்று மாற்றிய பின் திரும்பிப் போக வழியில்லை. பெரும்போக அறுவடையிலும், நோன்பின் கடைசிப் பத்திலும், கோயிற் சடங்கு நாட்களிலும், மார்கழி வெள்ளத்திலும் நேர்காணல் வைக்க வேண்டாம்.

ஒப்பிட்டு எழுதுதல்

மீண்டும் பாம்புக்கடிக்கு வருவோம். விஷக்கடி வைத்தியரால் சுகமானோம் என்று பலர் உறுதியாகச் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்வதில்லை. நஞ்சுள்ள பாம்பு கடித்தாலும் எல்லாக் கடியிலும் நஞ்சு இறங்குவதில்லை. நஞ்சற்ற பாம்புகளும் நிறைய உண்டு. ஆகவே எந்தச் சிகிச்சையும் இன்றிப் பிழைத்திருக்கக்கூடியவர்கள் அவர்களுள் கணிசமாக இருப்பார்கள், அவர்கள் ஒவ்வொருவரும் ஊரில் நடமாடும் சான்று. மறுபுறத்தில் கட்டுவிரியன் இரவில் நிலத்தில் உறங்குவோரைக் கடிக்கும். வலியும் வீக்கமும் மிகக் குறைவு, தடம்கூடத் தெரியாமற் போகலாம். வலியில்லாததால் விடியட்டும் என்று இருந்தவருக்கு விடியும்போது இமை தூக்க முடியாது, மூச்சுத் தடைப்படும். வைத்தியசாலையிலும் எல்லாவற்றுக்கும் மருந்து இருந்துவிடவில்லை. இந்தியாவிலிருந்து வரும் பல்நஞ்செதிர் மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றுக்கே உரியது, இங்கே அதிகம் கடிக்கும் கோப்பி விரியனுக்கு அது வேலை செய்யாது. இந்த மருத்துவ விவரங்கள் தெரியாத ஆய்வாளர், நாட்டு வைத்தியத்தைக் கொண்டாடவோ மக்களை மூடநம்பிக்கைக்காரர் என்று ஏசவோ மட்டுமே முடியும். இரண்டையும் நிறையப் பார்த்தாயிற்று. தெரிந்தவரோ, வலியில்லாத கடியைப் பற்றி அந்த ஊரில் என்ன சொல்லப்படுகிறது, விஷக்கடி வைத்தியர் எந்தக் கடியை ‘இது பெரியாஸ்பத்திரிக்கு’ என்று அனுப்பிவைக்கிறார், அவர் அனுப்பிய பின்னும் தாமதம் எங்கே ஏற்படுகிறது என்று கேட்பார். அனுப்பிவைக்கும் விஷக்கடி வைத்தியரைக் கண்டுபிடித்துப் பேசினால் கட்டுரையின் பாதி கிடைத்துவிடும்.

எழுதும்போது பெயரை மாற்றினால் மட்டும் ஆள் மறையாது. ஐந்நூறு குடும்பமுள்ள ஊரில் ‘கால் கழற்றப்பட்ட ஓய்வுபெற்ற அதிபர்’ என்றால் ஒருவர்தான் இருப்பார். தொழிலை, வயதை, குடும்ப அமைப்பை மாற்றுங்கள். ஆய்வின் வாதத்துக்குத் தேவையான ஒன்றை மட்டும் மாற்றாமல் விடுங்கள்.

ஆங்கிலத்தில் சமர்ப்பிப்பதாக இருந்தாலும், சமர்ப்பிக்க முன்பு நான்கு பக்கத்தில் தமிழ்ச் சுருக்கம் ஒன்று தயாரித்து, கிளினிக் தாதியர், அப்பிரிவின் குடும்பநல உத்தியோகத்தர், பேசிய குடும்பங்களுள் விரும்பியோர் ஆகியோருக்கு வாசித்துக் காட்டுங்கள். “இது எங்கட ஊர்ல அப்படியில்ல” என்ற மறுப்பு வரும். யார், எதை, ஏன் மறுத்தார் என்பதைத் தனித் தலைப்பில் கட்டுரைக்குள் சேருங்கள். திருத்திய பிரதிகளுள் ஒன்றைச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துக்கும் ஒன்றைப் பொது நூலகத்துக்கும் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு அதே தலைப்போடு வரும் மாணவர் அதே வாசற்படிகளில் மறுபடி ஏற வேண்டியிராது.